பூட்டு வைத்திருப்பது குற்றமா? புளியங்குளத்துக் கடையிலிருந்து ஒரு கேள்வி

புளியங்குளம் சந்தியில், நெடுங்கேணிக்குத் திரும்பும் வீதியோரமாக, கைத்தொலைபேசி திருத்தும் சிறிய கடை ஒன்றை நடத்தி வருகிறேன். ரீலோட் போடுவது, ஃபோட்டோ கொப்பி எடுப்பது, உடைந்த திரையை மாற்றுவது, புதிய போனில் செயலிகளை ஏற்றிக் கொடுப்பது இவைதான் என் பிழைப்பு. கடந்த மாதம் கனகராயன்குளம் பக்கத்திலிருந்து வந்த பல்கலைக்கழக மாணவன் ஒருவன், கடையில் ஆள் குறையும்வரை நின்று, பிறகு மெதுவாகக் கேட்டான்:

"நானா, இந்த சிக்னல் செயலியை என்ர போனில ஏத்தினா ஏதும் பிரச்சினை வருமோ?"

"ஏன் தம்பி அப்பிடிக் கேக்கிறீர்?"

"இல்ல, அது ரகசியமா கதைக்கிற செயலியாம். பிடிபட்டா விசாரிப்பாங்களாம்."

அதே வாரம் முல்லைத்தீவிலிருந்து கொழும்புக்குப் போகும் வழியில் எங்கள் சமூகத்தைச் சேர்ந்த ஹாஜியார் ஒருவர் கடைக்கு வந்தார். மகன் போட்டுக் கொடுத்த வி.பி.என். செயலியை அழித்துவிடச் சொன்னார். காரணம் கேட்டேன். "எதுக்கு மகன் வம்பு? 2019 ஞாபகம் இருக்குத்தானே" என்றார்.

ஒருவர் தமிழ் இளைஞர், மற்றவர் முஸ்லிம் பெரியவர். இருவருக்கும் ஒரே பயம். அந்தப் பயத்துக்குச் சட்டத்தில் இடமிருக்கிறதா? உரையாடலைப் பூட்டிவைக்கும் மென்பொருளை வைத்திருப்பதையும் மற்றவருக்குக் கொடுப்பதையும் எந்தச் சட்டங்கள் தடுத்தன, இன்று எவை தடுக்கின்றன? தெரியாத விடயத்துக்குப் பயப்படுவதைவிடத் தெரிந்துகொண்டு நடப்பது நல்லது என்பதால் இதை எழுதுகிறேன்.

இரண்டு தடவை பிரிக்கப்பட்ட கடிதம்

1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எனக்கு ஒன்பது வயது. முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து புத்தளம் போய், முகாமில் வளர்ந்தேன். 2002இல் யுத்தநிறுத்தம் வந்து ஏ9 வீதி திறந்த பிறகு, 2003இல் வாப்பாவுடன் ஊரைப் பார்க்க வந்தேன். திரும்பும்போது, எங்கள் பழைய அயல்வீட்டு அக்கா கொழும்பிலிருக்கும் தன் தம்பிக்கு ஒரு கடிதம் தந்தா. சோறு தின்ற பசையால் ஒட்டிய உறை. அதைப் புளியங்குளத்தில் ஒரு தரப்பு பிரித்து வாசித்தது. சூனியப் பிரதேசத்தைக் கடந்து ஓமந்தைக்கு வந்ததும் மறு தரப்பு வாசித்தது. அதில் இருந்ததெல்லாம் ஆட்டுக்குட்டி போட்ட கதையும் மாமிக்குக் கண் தெரியாமல் போன கதையும்தான். ஆனாலும் கொழும்பில் அந்தத் தம்பியின் கையில் கொடுத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

போர்க்காலத்தில் வன்னிக் குடும்பங்கள் செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் அனுப்பிய கடிதங்களும் ஒட்டப்படாத திறந்த கடிதங்கள்தான். குடும்பச் செய்தி மட்டும் எழுதலாம், யாரும் வாசிக்கலாம் என்பது விதி. அந்த நிலையிலும் அவை உயிர்காத்த கடிதங்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஒட்டிய கடிதத்துக்கும் ஒட்டாத கடிதத்துக்கும் உள்ள வித்தியாசம் என்னவென்று வன்னி மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறைகுறியாக்கம் என்பதும் அந்த உறைதான். அனுப்புபவரும் பெறுபவரும் மட்டும் வாசிக்கக்கூடியதாகச் செய்தியைக் கணித முறையில் உருமாற்றுவது. இது யாரோ உளவாளிகளுக்கு உரிய கலை என்று நினைக்க வேண்டாம். வங்கிச் செயலியைத் திறக்கும்போதும், உம்மாவுக்கு வட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பும்போதும் நாம் அதைத்தான் பயன்படுத்துகிறோம். 2016 ஏப்ரலிலிருந்து வட்ஸ்அப் செய்திகள் அனைத்தும், சிக்னல் செயலியை உருவாக்கியவர்களின் முறையில்தான் பூட்டப்படுகின்றன. வட்ஸ்அப்புக்குப் பயப்படாத ஹாஜியார் அதே வகைப் பூட்டுள்ள இன்னொன்றுக்குப் பயப்படுகிறார்.

இத்துறையின் தொடக்கத்தில் எங்கள் முன்னோருக்கும் பங்குண்டு. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்கிந்தி, எழுத்துக்கள் எத்தனை தடவை வருகின்றன என்று எண்ணியே ரகசிய எழுத்தை உடைக்கலாம் என விளக்கி நூல் எழுதினார். அதன் பிரதி இஸ்தான்புல் சுலைமானிய்யா நூலகத்தில் கிடைத்தது. இன்று எல்லோரும் சொல்லும் அல்கோரிதம் என்ற சொல்லே அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது.

கணக்குக்கும் உரிமையாளர் இருந்த காலம்

பூட்டின் கணிதம் எல்லோருக்கும் பொதுவானது என்று நாம் நினைக்கலாம். ஆனால் நீண்ட காலம் அது அப்படி இருக்கவில்லை.

இணையத்தின் பூட்டுகளுக்கு அடிப்படையான இரண்டு முறைகள் 1970களில் அமெரிக்காவில் உருவாயின. ஒன்று டிஃபி, ஹெல்மன் ஆகியோரின் முறை. அதற்கு 1980இல் அமெரிக்க ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. மற்றது ஆர்.எஸ்.ஏ. அதற்கு 1983 செப்டெம்பரில் ஆக்கவுரிமை கிடைத்தது. ஆர்.எஸ்.ஏ. முறை விண்ணப்பத்துக்கு முன்பே வெளியிடப்பட்டுவிட்டதால் மற்ற நாடுகளில் அதற்கு உரிமை கோர முடியவில்லை. ஆகவே ஒரே கணக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றுச் செய்ய வேண்டியதாகவும், வெளியே எவரும் செய்யக்கூடியதாகவும் இருந்தது.

இதோடு இன்னொரு சட்டமும் சேர்ந்துகொண்டது. பலமான மறைகுறியாக்க மென்பொருளை அமெரிக்கா போர்த்தளபாடப் பட்டியலில் வைத்திருந்தது. துப்பாக்கியை ஏற்றுமதி செய்ய அனுமதி வேண்டும் என்பது போல, இந்த நிரலை வெளிநாட்டுக்கு அனுப்பவும் அனுமதி வேண்டும்.

இந்த இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் அகப்பட்டவர் ஃபில் ஸிம்மர்மன். 1991இல் சாதாரண மக்கள் தம் கணினியிலேயே கடிதங்களைப் பூட்டிக்கொள்ள பி.ஜி.பி. என்ற மென்பொருளை அவர் வெளியிட்டார். ஆக்கவுரிமை வைத்திருந்த நிறுவனத்துடன் தகராறு வந்தது. மென்பொருள் இணையம் வழியாக வெளிநாடுகளுக்குப் போய்விட்டது என்று 1993இல் குற்றவியல் விசாரணையும் தொடங்கியது. 1996 ஜனவரியில் வழக்குத் தொடராமலே அதைக் கைவிட்டார்கள்.

அந்தக் காலத்து விநோதம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நிரலை வட்டில் அனுப்பினால் ஆயுத ஏற்றுமதி. அதே நிரலைப் புத்தகமாக அச்சிட்டு அனுப்பினால் அது பேச்சுரிமை. 1997இல் பி.ஜி.பி.யின் புதிய பதிப்பு 6000க்கு மேற்பட்ட பக்கங்களில் 12 புத்தகங்களாக ஐரோப்பாவுக்குப் போனது. அங்கே எழுபதுக்கு மேற்பட்டவர்கள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து மீண்டும் மென்பொருளாக்கினார்கள்.

இதனால் அதிகம் பாதிக்கப்பட்டது அமெரிக்காவுக்கு வெளியே இருந்த நாம்தான். அக்காலத்தில் நெட்ஸ்கேப் உலாவி இரண்டு வகையாக வந்தது. அமெரிக்கருக்கு 128 பிட் பூட்டு. மற்ற நாட்டவருக்கு 40 பிட் பூட்டு. 1995 ஓகஸ்டில் பிரான்சைச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர் அந்த 40 பிட் பூட்டை எட்டு நாட்களில் திறந்து காட்டினார். 1997இல் அமெரிக்காவில் படித்த மாணவர் ஒருவருக்கு இன்னொரு 40 பிட் பூட்டைத் திறக்க மூன்றரை மணித்தியாலம் போதுமாக இருந்தது. ஏழை நாட்டு மனிதனுக்குக் கொடுத்தது பூட்டுப் போன்ற ஒரு பொருள், அவ்வளவுதான்.

இதிலிருந்து வழி பிறந்த விதத்தை நம் வாசகர்கள் அறிய வேண்டும். எகிப்தின் கெய்ரோவில் பிறந்த தாஹிர் எல்கமல் 1985இல் வேறொரு பூட்டு முறையை வெளியிட்டார். அதற்கு அவர் தனியாக ஆக்கவுரிமை எடுக்கவில்லை. டிஃபி, ஹெல்மன் ஆக்கவுரிமை 1997இல் காலாவதியானதும் அவரது முறை முழுவதும் தடையற்றதாகியது. ஜேர்மனியிலிருந்த வேர்னர் கோஹ் அந்த முறையைப் பயன்படுத்தி, ஆர்.எஸ்.ஏ.யைத் தொடாமல், குனு பிரைவசி கார்ட் என்ற கட்டற்ற மென்பொருளை எழுதினார். அதன் முதலாவது நிலையான பதிப்பு 1999 செப்டெம்பரில் வந்தது. வேலை ஜேர்மனியில் நடந்ததால் அமெரிக்க ஏற்றுமதிச் சட்டமும் தடுக்கவில்லை. எவரும் பிரதி எடுக்கலாம், எவருக்கும் கொடுக்கலாம். அடுத்த ஆண்டு ஆர்.எஸ்.ஏ. ஆக்கவுரிமையும் முடிந்தது. அதே 2000ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்கா ஏற்றுமதி விதிகளையும் பெருமளவில் தளர்த்தியது.

இன்றைய தடைகள் எங்கே இருக்கின்றன?

இலங்கையில் ஆக்கவுரிமைத் தடை பெரிய பிரச்சினையல்ல. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணித முறைகளுக்கு ஆக்கவுரிமை வழங்குவதில்லை. இந்தியச் சட்டமும் அல்கோரிதங்களை விலக்கியே வைத்திருக்கிறது. சிக்னல் போன்றவற்றின் நிரல் கட்டற்ற உரிமத்தில் கிடைப்பதால், என் கடையில் அதை ஒருவருக்கு ஏற்றிக் கொடுப்பது திருட்டுப் பிரதியும் ஆகாது.

ஆனால் வேறு வாசல்களில் பூட்டு விழுந்திருக்கிறது. ஈரானைப் பாருங்கள். அமெரிக்கப் பொருளாதாரத் தடைகளைக் காரணம் காட்டி 2017இல் அப்பிள் நிறுவனம் ஈரானியச் செயலிகளைத் தன் கடையிலிருந்து நீக்கியது. 2019 ஜூலையில், உலகின் நிரலாளர்கள் மூலநிரலைச் சேமித்துவைக்கும் கிட்ஹப், ஈரான், சிரியா, கிரிமியா பயனர்களின் கணக்குகளைக் கட்டுப்படுத்தியது. ஈரானுக்கான அனுமதியை 2021 ஜனவரியில்தான் அந்நிறுவனம் பெற்றது. ஒரு பக்கம் சொந்த அரசாங்கம் இணையத்தை அடைக்கிறது, மறுபக்கம் அந்த அரசாங்கத்தைத் தண்டிப்பதாகச் சொல்பவர்கள் மக்களின் கருவிகளைப் பறிக்கிறார்கள்.

வளைகுடாவைப் பற்றி நம் குடும்பங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டுபாயில் வேலை செய்யும் மகன் வட்ஸ்அப்பில் எழுதலாம், ஆனால் அழைக்க முடியாது. அனுமதி பெற்ற செயலிகளில்தான் அழைக்க வேண்டும். வி.பி.என். பயன்படுத்திக் குற்றம் செய்தால் அல்லது குற்றத்தை மறைத்தால் 5 இலட்சம் முதல் 20 இலட்சம் திர்ஹம் வரை தண்டம் என்று 2016இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. இதை அறியாமல் இங்கிருந்து போனை நிரப்பிக்கொண்டு போகும் பிள்ளைகளுக்கு நான் எப்போதும் எச்சரிக்கை சொல்லி அனுப்புவேன்.

இந்தியா 2021இல் செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடித்துத் தர வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. பூட்டை உடைக்கச் சொன்னால் நாட்டைவிட்டே போய்விடுவோம் என்று 2024 ஏப்ரலில் வட்ஸ்அப் தரப்பு டெல்லி உயர் நீதிமன்றத்தில் சொன்னது. ஜம்மு காஷ்மீரில் பயங்கரவாதிகள் பயன்படுத்துகிறார்கள் என்று கூறி 2023 மே மாதத்தில் 14 செயலிகளை இந்திய அரசு தடைசெய்தது. எலிமென்ட், பிரையர் போன்ற கட்டற்ற மென்பொருள்களும் அதில் அடங்கும். பிரித்தானியாவில் அரசின் இரகசிய உத்தரவுக்குப் பிறகு, 2025 பெப்ரவரியில் அப்பிள் தன் மிகப் பலமான மேகச் சேமிப்புப் பாதுகாப்பை அந்நாட்டுப் பயனர்களிடமிருந்து விலக்கிக்கொண்டது. அன்று 40 பிட் பூட்டு வந்தது போல, பெரிய நாடுகள் ஒரு தடவை பூட்டைப் பலவீனப்படுத்தச் சொன்னால் அதே பலவீனம் புளியங்குளத்துக்கும் வந்து சேரும்.

எங்கள் நாட்டின் கதை

மறைகுறியாக்க மென்பொருளை வைத்திருப்பதற்கோ ஒருவருக்குக் கொடுப்பதற்கோ உரிமம் வேண்டும் என்ற தனிச் சட்டம் இலங்கையில் இல்லை. அந்த மாணவனுக்கு நான் சொன்ன பதிலும் இதுதான். ஆனால் பயம் சட்டப் புத்தகத்திலிருந்து மட்டும் வருவதில்லை. நடந்தவற்றிலிருந்தும் வருகிறது.

2018 மார்ச்சில் திகனையில் எங்கள் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் முதலியவற்றைத் தடைசெய்தது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதலன்றும் தடைசெய்தது. அந்த மே 13ஆம் திகதி குருநாகல், கம்பஹா, புத்தளம் பகுதிகளில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டபோது மீண்டும் தடைசெய்தது. வெறுப்பைப் பரப்பியவர்களின் வாயை அடைக்க வேண்டியிருந்தது உண்மை. ஆனால் தாக்கப்பட்டவர்களின் வாயும் சேர்ந்தே அடைபட்டது. எந்தப் பாதை பாதுகாப்பானது, யார் வீட்டில் ஒதுங்கலாம் என்று உறவினரிடம் கேட்க முடியாமல் போனது.

2022 ஏப்ரல் 3ஆம் திகதி, பொருளாதார நெருக்கடிக்கு எதிரான போராட்டத்தின்போது பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின் பேரில் மீண்டும் தடை வந்தது. அன்று அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ஷவே, தானும் வி.பி.என். மூலமே பதிவிடுவதாகவும் இத்தகைய தடைகள் பயனற்றவை என்றும் எழுதினார். அமைச்சர் பயன்படுத்தினால் அது வசதி, ஹாஜியார் பயன்படுத்தினால் அது சந்தேகம் என்று ஆகிவிடக் கூடாது.

2024இல் வந்த 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் ஐவர் கொண்ட ஆணைக்குழுவுக்கு, எது பொய்யான கூற்று என்று தீர்மானித்து முடக்கச் சொல்லும் அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. அதைத் திருத்துவதாக இன்றைய அரசாங்கமும் சொல்லியிருக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டமோ 1979இலிருந்து நம் தலைக்கு மேல் இருக்கிறது. பேஸ்புக்கில் பகிரங்கமாக எழுதிய பதிவுக்காக ரம்சி ராசிக் 2020 ஏப்ரலில் கைதாகி ஐந்து மாதங்களுக்கு மேல் சிறையில் இருந்தார். அந்தக் கைது சட்டவிரோதமானது என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில்தான் தீர்ப்பளித்தது. பகிரங்கமாகப் பேசியதற்கே இந்த நிலை என்றால், பூட்டிப் பேசுவதற்கு மக்கள் ஏன் பயப்படுகிறார்கள் என்பது புரிகிறது.

மறுபக்கத்து நியாயம்

பூட்டு இருந்தால் பயங்கரவாதி ஒளிந்துகொள்வானே என்ற கேள்வியை நாம் தட்டிக்கழிக்கக் கூடாது. உயிர்த்த ஞாயிறன்று 250க்கு மேற்பட்ட அப்பாவிகள் கொல்லப்பட்டார்கள். ஆனால் அன்று நடந்தது என்ன? 2019 ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்துவிட்டது. அது பூட்டப்பட்ட செய்தியல்ல, அதிகாரிகளின் மேசையில் திறந்து கிடந்த செய்தி. அதன்மேல் நடவடிக்கை எடுக்கத் தவறியதற்காகத்தான் உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 12ஆம் திகதி முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவுக்கு 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த உத்தரவிட்டது. பொலிஸ், புலனாய்வு, பாதுகாப்பு அமைச்சு உயரதிகாரிகளும் நட்டஈடு செலுத்தப் பணிக்கப்பட்டார்கள். எங்கள் கடிதங்களைப் பிரிக்காததால் அந்த உயிர்கள் போகவில்லை. கையிலிருந்த கடிதத்தை வாசித்தும் எழும்பாததால் போயின.

இன்னொரு நியாயம் என் கடையிலேயே இருக்கிறது. வட்ஸ்அப்பில் வரும் மிரட்டலோடு, அழுதுகொண்டு பெண்பிள்ளைகள் வருவதுண்டு. செய்தி பூட்டப்பட்டிருப்பதால் குற்றவாளி தப்பிவிடுவான் என்று நினைக்கிறார்கள். அது தவறு. பெறுபவரின் போனில் செய்தி திறந்தே இருக்கிறது. அதை அழிக்காமல், திகதியும் இலக்கமும் தெரிய ஸ்கிறீன்ஷொட் எடுத்து முறையிடலாம். 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது, விசாரிக்கப் பொலிஸ் பிரிவும் இருக்கிறது. பாதிக்கப்பட்டவள் தானே காட்டும் சாட்சிக்காக எல்லோருடைய உறையையும் பிரிக்க வேண்டியதில்லை. பிறர் அந்தரங்கத்தைத் துருவுவதை மார்க்கமும் தடுத்திருக்கிறது என்பதை ஹுஜுராத் அத்தியாயத்தை ஓதியவர்கள் அறிவார்கள்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, செயலிகளை எடுக்கும் இடம். வன்னியில் டேட்டாவை மிச்சப்படுத்துவதற்காக ஒரு போனிலிருந்து மறு போனுக்குச் செயலிகளை அனுப்புகிறார்கள். ஜி.பி. வட்ஸ்அப் போன்ற உருமாற்றிய பதிப்புகளும் யாரென்று தெரியாதவர்களின் இலவச வி.பி.என்.களும் இப்படித்தான் பரவுகின்றன. உண்மையான தடையைவிடப் பெரிய ஆபத்து இது. பூட்டைச் செய்தவனே ஒரு சாவியை வைத்துக்கொண்டால் அது பூட்டல்ல. உத்தியோகபூர்வ இடத்திலிருந்து எடுங்கள். தடை வந்த இரவில் அவசரப்பட்டுத் தேடாமல், அமைதியான நாளிலேயே நம்பகமான ஒன்றைத் தேர்ந்து வையுங்கள்.

இரண்டாவது, நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் திருத்தம் பாராளுமன்றத்துக்கு வரும்போது நமது சட்டத்தரணிகளும் பள்ளிவாசல் சம்மேளனங்களும் ஒன்றைத் தெளிவாகக் கேட்க வேண்டும்: மறைகுறியாக்க மென்பொருளை வைத்திருப்பதும் பகிர்வதும் தன்னளவில் குற்றமுமல்ல, சந்தேகத்துக்கான காரணமுமல்ல என்று சட்டத்தில் எழுதப்பட வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக எது வந்தாலும் அதிலும் இந்த வரி இருக்க வேண்டும். இதைத் தனியாக நாம் மட்டும் கேட்க வேண்டியதுமில்லை. காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் வன்னித் தாய்மாருக்கும், செய்தியாளர்களுக்கும், திகனையில் எரிந்த கடைக்காரருக்கும் வேண்டியது இந்த ஒரே உறைதான்.

அந்த மாணவனுக்குச் செயலியை ஏற்றிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. ஹாஜியாரின் போனில் இருந்தது தெரியாத நிறுவனத்தின் வி.பி.என். என்பதால் அதை அழித்தேன். வேறு நல்லதொன்று போடட்டுமா என்று கேட்டேன். "யோசிச்சுச் சொல்றன் மகன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். இன்னும் வரவில்லை.